பாத்தனியோ, கேட்டனியோ

அந்தத் தையல் ஆலையில் நாங்கள் எல்லோரும் அவரைச் செக்கரக்கா என்றுதான் கூப்பிட்டோம். பெயர் இல்லாமலில்லை. ஆனால் தைத்து முடிந்த சட்டையை மேசையில் விரித்து, கழுத்தில் தொங்கும் அளவுநாடாவை வைத்துப் பார்த்து, கால் அங்குலம் பிசகினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புகிற செக்கருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் யாருக்கும் தோன்றவில்லை. நான் சட்டைக்குக் கை பொருத்தும் வரிசையில் இருந்தேன். முதல் ஆறு மாதமும் என் சட்டைகள் பெரும்பாலும் சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டுதான் திரும்பி வந்தன. வயிற்றெரிச்சலில் நான் அவரைத் திட்டாத திட்டில்லை. சட்டையை மட்டுமல்ல, உலகத்தையே அவர் அப்படித்தான் பார்க்கிறார் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

யார் என்ன சொன்னாலும் அவரிடம் ஒரு கேள்வி தயாராக இருக்கும்.

"பாத்தனியோ, கேட்டனியோ?"

கேட்டது என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் காது கொடுக்க மாட்டார். பாலத்தடிக்குப் பூநாரைகள் நூறு வந்திருக்கின்றன என்று சாப்பாட்டு நேரத்தில் யாரோ சொன்னார்கள். அன்று பின்னேரமே சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். அடுத்த நாள் காலை வந்து, "நூறில்லை, அறுபத்திமூண்டு. அதில ஒண்டு நொண்டி" என்றார். கழுதை படுத்து நித்திரை கொள்ளாது என்று நான் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் கழுதைகள் நிற்கிற இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவரோடு நிற்க வேண்டி வந்தது. கழுதை படுத்தது. நித்திரையும் கொண்டது. எனக்குத்தான் கால் கடுத்தது.

எனக்குக் கல்யாணம் பேசியபோதும் இதே கதைதான். மாப்பிள்ளை விடத்தல்தீவு, நல்ல பெடியன் என்று வீட்டில் சொன்னார்கள். செக்கரக்கா லீவு போட்டு பஸ் ஏறி, மாப்பிள்ளை வேலை செய்கிற கடைக்குப் போய், வீடு கூட்டுகிற தும்புத்தடி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். "மனுசன் குணம் நல்லம். ஆனா கதைக்கேக்க ஆளைப் பாக்கமாட்டார், சுவரைத்தான் பாப்பார்" என்றார். அவரைத்தான் கட்டினேன். ஆறு வருசமாகிறது, இன்றைக்கும் சுவரோடுதான் கதைக்கிறார்.

மலைக்குப் போகிற கதையைத் தொடக்கியது செக்கரக்கா அல்ல, நாங்கள்தான். எனக்குக் கல்யாணமாவதற்கு முந்திய வருசம் அது. வரிசையில் ஒருத்தி தொலைபேசியில் ஒரு படம் காட்டினாள். ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்கிற இடம். சமவெளி ஓடி வந்து ஓரிடத்தில் சட்டென்று முறிந்து, கீழே செங்குத்தாகப் பள்ளம். ஓரத்தில் ஒரு பெண் கையை விரித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் மன்னார்த்தீவில் பிறந்தவர்கள். எங்கள் ஊரில் ஏறுவதற்கு ஆலயமணிக் கோபுரத்தை விட்டால் உயரமாக ஒன்றும் கிடையாது. பார்த்தவுடனே பைத்தியம் பிடித்துவிட்டது. என்ன நிறச் சட்டை, என்ன பாட்டு என்று அந்த நிமிசமே கச்சேரி தொடங்கியது. செக்கரக்கா படத்தை மட்டும் வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, அந்தப் பெண்ணை விட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தைப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளை கீழ பாத்தவளோ?" என்று கேட்டார்.

எவளோ ஒருத்தி கீழே பார்த்தாளா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? சிரித்தோம். அடுத்த நாள் அவர் ஒரு கொப்பியோடு வந்தார். முதல் பக்கத்தில் 'மலைப் பயணம்' என்று எழுதிக் கீழே கோடு அடித்திருந்தது. எங்கள் கையிலிருந்த பயணம் அன்றோடு அவர் கைக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் கெண்டைக்கால் வலிக்கிறது. நடக்க வேண்டியது ஒன்பது கிலோமீற்றர் என்று வாசித்திருந்தார். மட்டமான ஒன்பதும் ஏறி இறங்குகிற ஒன்பதும் ஒன்றா என்று சோதிக்க வேண்டுமாம். சனிக்கிழமை தோறும் எங்கள் ஐந்து பேரையும் கீரிக் கடற்கரையில் புதையும் மணலில் நடத்தினார். பிறகு எங்கள் மாதா கோயிலில் கேட்டு மணிக்கோபுரத்தில் ஏற்றினார். நாற்பத்திரண்டு படி, பதினைந்து தரம். கீழே நின்று பார்த்த பங்குச் சுவாமி, "இது ஆர் குடுத்த தவம், பிள்ளையள்?" என்று கேட்டார். செக்கரக்கா சைவக்காரி. செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, பயபக்தியோடு ஏறிக்கொண்டிருந்தார்.

குளிரையும் விடவில்லை. எருக்கலம்பிட்டி முதலாளி ஒருவருக்கு மீன் வாடி இருந்தது. அங்கே ஐஸ் அறைக்குள் இருபது நிமிசம் இருந்து பார்க்க அனுமதி கேட்டார். முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "என்ட அல்லாவே, அது மீனுக்குள்ள எடம் புள்ள, மனுசருக்கில்ல" என்றார். ஆனாலும் கதவைத் திறந்துவிட்டார். பாரை மீன்களுக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து, எந்தச் சட்டைக்கு மேல் எதைப் போட்டால் எத்தனை நிமிசம் தாங்கும் என்று செக்கரக்கா குறித்தார். வெளியே வந்தபோது எல்லோரும் மீன் மணத்தோம். அன்று பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

இவ்வளவும் எதற்கு என்று மணிக்கோபுரத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது. பதினோராம் தரம் ஏறி, மேலே மணிக்கடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் கீழே போய்விட்டார்கள். கோயில் வளவில் சின்னப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை எங்களைப் பார்த்துக் கை காட்டியது. செக்கரக்கா உடனே இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். பிள்ளை ஓடிப்போன பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"நான் அங்க கீழ பிறந்தனான்" என்றார்.

"எங்க கீழ?"

"அந்தப் படத்தில பள்ளம் கண்டனியே, அதுக்குக் கீழ. தேயிலைத் தோட்டம். லயத்து வீட்டு வாசலில நிண்டு அண்ணாந்து பாத்தா அந்த மலை விளிம்பு தெரியும். மேல ஆக்கள் வந்து நிப்பினம், புள்ளி புள்ளியா. கண்ணாடியோ கமராவோ ஏதோ மின்னும். நானும் பெரியக்காவும் ஒவ்வொரு நாளும் கை காட்டுவம். ஒருத்தரும் ஒருநாளும் திருப்பிக் காட்டினதில்லை."

அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது கலவரம் வந்தது. அப்பாவும் அம்மாவும் அவரைத் தூக்கிக்கொண்டு மலையை விட்டிறங்கி மன்னார்ப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். பெரியக்காவுக்கு அப்போதே கல்யாணமாகியிருந்தது. அவர் தோட்டத்தோடு நின்றுவிட்டார். இடையில் சண்டைக் காலம். பிறகு மூன்று செத்த வீட்டுக்கு மட்டும் செக்கரக்கா போய் வந்திருக்கிறார். செத்த வீட்டில் நின்று யார் அண்ணாந்து பார்ப்பது?

"எனக்கு ஒண்டுதான் தெரிய வேணும்" என்றார். "மேல நிக்கிறவைக்குக் கீழ நிக்கிற ஆள் தெரியுமோ, தெரியாதோ. தெரியாதெண்டால் பாவம், அவையில பிழையில்லை. தெரிஞ்சும் சும்மா நிண்டவையெண்டால் அது வேற கதை."

நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐம்பது வயது. நாற்பது வருசமாக இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு, என் சட்டைக் கைகளுக்குச் சிவப்பு ஒட்டியிருக்கிறார். எனக்கு அவர்மேல் இருந்த பழைய வயிற்றெரிச்சல் முழுவதும் அந்தக் கோபுரத்திலேயே கழன்றுவிட்டது.

தள்ளிப்போடவும் முடியாது. பெரியக்காவுக்கு முழங்கால் ஏலாது. லயத்தை இடிக்கப் போகிறார்கள், மார்ச் மாதத்தில் மகள் வந்து பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். அதற்கு முன் ஒரு தரம், அவர் கீழே அதே வாசலில் சிவப்புச் சேலையோடு நிற்க வேண்டும். இவர் மேலே நிற்க வேண்டும். பெப்ரவரியில் முழுநிலா விடுமுறையான போயாவுக்கு நாள் குறித்தாயிற்று.

இவர் பதிலுக்கு என்ன காட்டுவது? கை போதாது. சவரம் செய்கிற வட்டக் கண்ணாடி ஒன்று வாங்கி, எங்கள் அப்பாவிடம் வந்தார். அப்பா படகோடு ஒரு கட்டை தூரம், ஒரு மைல் இருக்கும், வெளியே போய் நின்றார். கரையில் நின்று செக்கரக்கா கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்தார். நான் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தேன்.

"ஓம் பிள்ளை, மின்னுது. நல்லா மின்னுது. மூண்டு தரம்" என்றார் அப்பா.

அப்போது வெயிலை ஒரு முகில் மறைத்தது.

"இப்ப ஒண்டும் தெரியேல்ல."

செக்கரக்கா கொப்பியை விரித்து எழுதினார். வெயில் இல்லாமல் கண்ணாடி மின்னாது. மூன்று தரம் மின்னினால் நான்தான் என்று பெரியக்காவுக்கு அன்று மாலையே தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

மிச்சம் இருந்தது நேரம். மலையில் பனிப்புகார் மூடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்கும் ஒரு சோதனை வைத்தார். தை மாதத்தில் தொடர்ந்து மூன்று நாள் விடியக் காலை ஆறு மணிக்குக் கீரிக் கரைக்கு வந்து நின்றார். கடலையும் காணவில்லை, படகையும் காணவில்லை, எல்லாம் வெள்ளை. எட்டரை ஆக மெல்ல விலகும். ஒன்பது மணிக்குப் பார்த்தால் தலைமன்னார்ப் பக்கம் வரைக்கும் துலக்கம். "வெயில் ஏறப் புகார் எழும்பிப்போகும். எங்கையும் அப்பிடித்தான்" என்று அப்பாவும் சொன்னார். பிறந்த நாளில் இருந்து கடலைப் பார்க்கிற மனிதர் சொன்னால் சரிதானே. மலை உயரம் என்பதால் ஒரு மணித்தியாலம் கூட்டி, பத்து மணி என்று செக்கரக்கா எழுதினார்.

நாங்கள் வாடகைக்குப் பேசிய வான்காரத் தம்பி ஒருவர்தான் மறித்தார். பல தரம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வந்தவர். "இல்லையக்கா, விடிய நாலு மணிக்கு வெளிக்கிட வேணும். எல்லாரும் அப்பிடித்தான் போறவை."

"நீங்கள் உள்ள போய்ப் பாத்தனீங்களோ?"

"நான் வானுக்க நித்திரை. ஆக்கள் சொல்லுறவை."

அவ்வளவுதான். கேட்டது. தம்பியின் சாட்சி அந்த இடத்திலேயே தள்ளுபடியானது. நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

போயாவுக்கு முதல் நாள் புறப்பட்டு நுவரெலியாவில் ஒரு அறையில் தங்கினோம். காலையில் ஏழு மணிக்கு, ஐஸ் அறையில் தேறிய சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, செக்கரக்கா எங்களுக்கு ரொட்டியில் சம்பல் தடவித் தந்துகொண்டிருந்தார். யன்னலுக்கு வெளியே வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. "பாத்தியே, நாள் எவ்வளவு நல்லம்" என்றார்.

பூங்கா வாசலில் பொலித்தீன் பை ஒன்றும் உள்ளே விடமாட்டார்கள். மற்றவர்களின் பைகளைக் கிளறிக்கொண்டிருந்த உத்தியோகத்தர், எங்கள் சாப்பாடு முழுவதும் பனையோலைப் பெட்டிகளில் இருப்பதைக் கண்டு இரண்டாவது ஆளையும் கூப்பிட்டுக் காட்டினார். செக்கரக்கா முகத்தில் அப்படி ஒரு பெருமை. புல்வெளியில் ஒரு மரை மான் நின்று எங்களைப் பார்த்தது. நடக்க நடக்க எதிரே ஆட்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். இவ்வளவு பேர் ஏன் இவ்வளவு வேளைக்குத் திரும்புகிறார்கள் என்று எனக்குச் சின்னதாக ஒரு யோசனை வந்தது. மணலில் பழகிய எங்கள் கால்கள் ஈரக் களிமண்ணில் வழுக்கிக்கொண்டிருந்ததால், அந்த யோசனையைத் தொடர நேரம் கிடைக்கவில்லை.

பத்துக்குச் சரியாக ஐந்து நிமிசம் இருக்க உலக முடிவுக்குப் போய்ச் சேர்ந்தோம். உலகம் அங்கே உண்மையாகவே முடிந்துதான் போயிருந்தது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே வெள்ளை. பள்ளமுமில்லை, தோட்டமுமில்லை, வானமுமில்லை. கீழேயிருந்து புகார் சுருள் சுருளாக ஏறி எங்கள் முகத்தில் ஈரமாக மோதியது.

"இப்ப விலகும்" என்றார் செக்கரக்கா.

பத்தரை. பதினொன்று. வெயில் ஏற ஏறப் புகார் கூடியதே தவிரக் குறையவில்லை. கடலில் விடியற்காலையில் மூடி வெயிலுக்கு விலகும். மலையில் விடியற்காலையில் துலக்கமாக இருந்து, வெயில் ஏறத்தான் பள்ளத்திலிருந்து எழும்பி வந்து மூடும். இதை வாசலில் நின்ற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நாங்கள் யாரையும் கேட்கவில்லை. கண்ணாடியைக் கையில் பிடித்தபடி செக்கரக்கா வேலியில் சாய்ந்து நின்றார். ஒரு சட்டைக்கும் பிழை விடாத மனிசியை அப்படிப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

பதினொன்றரைக்குத் தொலைபேசி அடித்தது. பெரியக்கா. காற்று இரைந்ததால் ஒலிபெருக்கியில் போட்டார். மன்னாரில் இவ்வளவு காலம் 'ஓம்' என்று சொன்ன வாய், ஒரு நொடியில் மலைநாட்டுத் தமிழுக்கு மாறிவிட்டது.

"அக்கா, நான் மேலதான் நிக்கிறேன்."

"இன்னும் அங்கயா நிக்கிற? ஒம்பதுக்கே மூடிருச்சே. நீ பத்து மணின்னு சொன்னப்பவே எனக்கு யோசனதான். எதுக்கும் இருக்கட்டும்னு நான் ஏழு மணிக்கே வந்து நின்னுட்டேன். பளிச்சுன்னு இருந்துச்சு. சேலைய ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுனேன். நீயும் கண்ணாடி காட்டுனியே! மூணு வாட்டி மின்னுச்சு. எனக்கு அழுகயே வந்துருச்சு. நீதானே அது?"

ஏழு மணி. ரொட்டி, சம்பல், நீல வானம். யாரோ ஒரு உல்லாசப் பயணியின் கமராவோ தொலைபேசியோ அங்கே மின்னியிருக்கிறது. செக்கரக்கா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அந்த மனிசி பொய் சொல்லி நான் ஒருநாளும் கண்டதில்லை.

"ஆமாக்கா" என்றார். "நாந்தான்."

"நான் தெரிஞ்சேனா ஒனக்கு?"

"தெரிஞ்சக்கா. செவப்பா, நல்லாத் தெரிஞ்ச."

பிறகு பெரியக்காவின் குரல் தாழ்ந்து வந்தது. "அப்ப, சின்னதுல நம்ம கை காட்டுனப்ப... பாத்துட்டுத்தான் சும்மா நின்னாங்களா?"

செக்கரக்கா வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்தார். அவர் சொன்ன பொய் சுற்றி வந்து அவரிடமே கேள்வி கேட்டது.

"இல்லக்கா" என்றார் மெதுவாக. "அவங்களும் காட்டியிருப்பாங்க. புகாரு மறச்சிருக்கும். நமக்குத்தான் தெரியல."

"அப்படித்தான் இருக்கும்" என்றார் பெரியக்கா. குரல் தெளிந்திருந்தது. "சரி, குளிர்ல நிக்காத. பாத்துப் போ."

அதற்குப் பிறகு அவரோடு இரண்டு வருசம் வேலை செய்தேன். என் பிள்ளை பிறக்க நான் நின்றுவிட்டேன், அவரும் எங்கோ போய்விட்டார். வவுனியாவில் மகனோடு இருப்பதாகச் சொல்கிறார்கள். கேட்டதுதான், போய்ப் பார்க்க வேண்டும். பெரியக்கா பதுளைக்குப் போனார். போகும் வரைக்கும் அயலில் எல்லோரிடமும் தங்கச்சி மலையிலிருந்து கண்ணாடி காட்டிய கதையைச் சொன்னாராம்.

அன்று மலையில், பெரியக்கா தொலைபேசியை வைத்த பிறகு மற்றவர்கள் முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். நானும் திரும்பினேன். செக்கரக்கா அசையவில்லை.

"வாங்கோக்கா, போவம். இனி விலகாது."

"தெரியும். ஒரு நிமிசம் பொறு" என்றார். சேலைத் தலைப்பால் கண்ணாடியை நன்றாகத் துடைத்தார். "காட்டினனான் எண்டு சொல்லிப்போட்டன். காட்டாமல் போகேலாது."

வெயில் இல்லாமல் கண்ணாடி மின்னாது என்று கீரிக் கரையில் சோதித்து, கொப்பியில் எழுதி, கீழே கோடும் அடித்தவர் அவர்தான். அந்த வெள்ளைக்கு நேரே கண்ணாடியைப் பிடித்து, தோட்டம் இருக்கிற பக்கமாகச் சாய்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணிக் காட்டினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.